கொல்லை டர்ஃப்: மழைக்கு முந்தைய நாட்கள்

செப்டம்பர் 19

கொல்லையில் விரித்திருக்கும் செயற்கைப் புல்லின் நடு இணைப்பு மறுபடியும் வாய் பிளந்திருக்கிறது. கிழக்குக் கோல் கம்பங்களுக்கு அருகே ஒரு சாண் நீளத்துக்கு விளிம்பு தூக்கி நிற்கிறது. விரலை உள்ளே விட்டால் அடிநாடாவில் பசை காய்ந்து உதிர்வது தெரிகிறது. வேகமாக ஓடி வருபவனின் காலணி நுனி அதில் மாட்டினால் பாதம் நின்றுவிடும், உடல் முன்னே போகும், முழங்கால் திருகிக்கொள்ளும். வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

செப்டம்பர் 20

முழங்காலில் அடிபட்டுத் தஞ்சாவூரில் இருக்கிறவன் எப்போது வீடு திரும்பலாம் என்று அங்கே இன்னும் தேதி சொல்லவில்லை.

செப்டம்பர் 22

காலையில் மேஸ்திரி வந்து பார்த்தார். பசையைத் தடவி மேலே மணலைக் கொட்டிவிட்டால் போதும் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு கோல்களுக்கும் இடையே நூலைக் கட்டி, ரசமட்டத்தையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 8 மீட்டர் அகலத்துக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் 8 சென்டிமீட்டர் சரிவு வாய்க்கால் பக்கமாக இருக்க வேண்டும். மேற்குப் பாதியில் அது அப்படியே இருக்கிறது. கிழக்குக் கோலுக்கு முன்னால் மட்டும் தரை ஒரு தாம்பாளத்தைப் போலக் குழிந்திருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம், அங்கேயே நின்றது. அந்த இடத்தில்தான் மாமனார் காலத்து எருக்குழி இருந்தது. மட்கும் சருகும் சாணமும் கிடந்த குழியின் மேல் மண்ணைத் தள்ளி ஜல்லியைப் பரப்பியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது மட்க மட்க மேலிருப்பது இறங்கத்தான் செய்யும். இணைப்பு பிளந்ததற்குப் பசை காரணமன்று, தரை இறங்கி விரிப்பை இழுத்ததே காரணம் என்று மேஸ்திரியும் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 23

இந்த மண்ணைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். நம் டெல்டாவின் களிமண் நீர் கண்டால் உப்பும், வெயில் கண்டால் வெடிக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது வழக்கம். அரசலாற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓடத் தொடங்கியதும் கொல்லை மண்ணும் ஈரம் குடித்து மெல்ல எழும்புகிறது. ஜனவரி 28க்குப் பிறகு அணை மூடப்பட்டு, கோடை ஏறியதும், கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. வருடந்தோறும் எழுந்து அமரும் நிலத்தின் மேல் விரித்த எதுவும், அடியில் போதிய கனத்துக்கு ஜல்லிப் படுகை இல்லையென்றால், சும்மா கிடக்காது. மேலே தெரியும் பச்சையைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் இந்தப் படுகையைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிறது.

செப்டம்பர் 25

வேப்பஞ்சருகு. மூங்கில் சருகு. பெருக்கி முடிப்பதற்குள் அடுத்தது விழுகிறது.

செப்டம்பர் 28

இவ்வளவு பாடுபடுவதற்கு அருகம்புல்லே போதாதா என்று அம்மா கேட்டார். மாமர நிழலில் அருகு பிடிக்கவில்லை, கார்த்திகையில் சேறாகிவிட்டது என்பதை அவரும் பார்த்தவர்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரை மூடிய ஆஸ்ட்ரோடோம் அரங்கில் ஒளி ஊடுருவும் கூரைத் தகடுகளுக்கு வர்ணம் பூசியதால் வெளிச்சமின்றிப் புல் செத்தது. அதனால்தான் 1966இல் அங்கே செயற்கைப் புல் விரித்தார்கள். நிழலில் புல் வளராது என்ற ஒரே காரணம் அங்கும் இங்கும். ஆனால் அங்கே இல்லாத வெயில் நமக்கு உண்டு: நிழல் விலகிய மேற்குப் பாதியில் நண்பகலில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. தண்ணீர் தெளித்தால் சற்று நேரம் தணிகிறது, பிறகு பழையபடி கொதிக்கிறது. ஆகவே மாலை ஐந்துக்கு முன் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் வந்த பிறகும் இதுதான் விதி.

அக்டோபர் 2

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜல்லி வந்தது. இங்கே கல் ஏது?

அக்டோபர் 4

விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுக் குழியைத் தோண்டினார்கள். கருத்து நாறும் மண் இடுப்பளவு ஆழம் வரை வந்தது. கெட்டியான களி தெரியும் வரை விடாதீர்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். களிமேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தோம். அது இல்லையென்றால் ஈரக்களி மேலேறி ஜல்லியின் இடுக்குகளை அடைத்துவிடும், தண்ணீர் இறங்க வழி இருக்காது. பிறகு பெருஜல்லி, அதன்மேல் சிறுஜல்லி, கடைசியில் கல்தூள். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் இடிப்பதால் பயனில்லை, மேல்பாகம் மட்டுமே இறுகும். அரை அடிக்கும் குறைவான அடுக்குகளாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்க வைத்தேன். பையன்களுக்குக் கை வலித்தது, ஆனாலும் இடித்தார்கள்.

அக்டோபர் 5

தஞ்சாவூரில் பேசினேன். முழங்காலை மடக்க முடிகிறதாம். ஓடுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 8

நாகப்பட்டினத்திலிருந்து கடல் மணல் மலிவாகக் கொண்டு வரலாம் என்றார் லாரிக்காரர். வேண்டாம் என்றேன். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். ஆற்று மணலில் வண்டல் கலந்திருக்கும், அது வடிகால் துளைகளை அடைக்கும். கழுவிக் காய்ந்த, முனை மழுங்கிய சிலிக்கா மணல்தான் இழைகளை நிமிர்த்திப் பிடிக்கும்.

மணலுக்கு மேலே போடும் கருப்பு ரப்பர் மணிகளைப் பற்றிய கவலை தனி. பழைய டயரை அரைத்துச் செய்பவை அவை. விழுகிறவனுக்கு மெத்தென்று இருக்கும் என்பது உண்மை. பெருமழையில் அவை தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போவதும் உண்மை, அந்த வாய்க்கால் பாய்வது சம்பா வயலுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இத்தகைய மணிகளின் விற்பனைக்குத் தடை விதித்து எட்டு ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது. நான் அவ்வளவு நாள் காத்திருக்கப் போவதில்லை. கூட்டி அள்ளிய பழைய மணிகளை மூட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வாங்க மாட்டேன். ஆனால் மணல் மட்டும் அவன் முழங்காலுக்குப் போதுமா?

அக்டோபர் 11

இரண்டு நாள் நல்ல வெயில். கல்தூள் காய்ந்துவிட்டது. ஈரத்தரையில் இந்தப் பாலியூரித்தேன் பசையை வைத்தால் நுரைத்துப் பொங்கும், பிடிக்காது. இன்றைக்கு விட்டால் மழை வந்துவிடும். இரண்டு விரிப்புகளின் இழைகளும் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, விளிம்பைப் பின்புறத்திலிருந்து நேராக அறுத்து, புது நாடாவைச் சரியாக நடுவில் இட்டு, பல்கரண்டியால் பசையைப் பரப்பினோம். விளிம்போடு விளிம்பு முட்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அமர்த்துவதற்குள் இருட்டிவிட்டது. அகப்பட்ட இழைகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துவிட்டேன். மேலே நீளத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கியிருக்கிறோம்.

அக்டோபர் 12

மூட்டையை எடுக்கவில்லை. யாரையும் நடக்க விடவில்லை.

அக்டோபர் 14

இணைப்பு பிடித்துவிட்டது. இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கண்ணை மூடித் தடவியும் பார்த்தேன், எங்கே சேர்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. மணலை மெல்லிய அடுக்குகளாகத் தூவி, இழை சாய்ந்த திசைக்கு எதிராக நைலான் தூரிகையால் தேய்த்து இறக்கினோம். கம்பித் தூரிகை கூடாது, இழையை அறுத்துவிடும்.

அக்டோபர் 17

இரவு முழுவதும் மழை. விடியற்காலையில் விளக்கோடு போய்ப் பார்த்தேன். கோலுக்கு முன்னால் நீர் நிற்கவில்லை. மூங்கில் புதர் மூலையில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருக்கிறது; வேர் தூக்குகிறதோ என்று ஐயமாக இருக்கிறது. மழை விட்டதும் அந்த மூலையில் ஆணியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.