பல் மருத்துவர் ரீலும் கால்பந்து அணி ரீலும்

"எங்கள் துறையில் நல்ல என்கேஜ்மென்ட் என்றால் எத்தனை சதவீதம்?" புதிதாக வரும் கிளையன்ட்கள் முதல் கூட்டத்திலேயே இதைத்தான் கேட்பார்கள். என்கேஜ்மென்ட் என்றால் பார்த்தவர்கள் லைக், கமெண்ட் என்று காட்டும் ஈடுபாடு. கையில் ஒரு பெஞ்ச்மார்க் அறிக்கையும், அதாவது துறைகளை ஒப்பிடும் அறிக்கையும், இருக்கும். அதில் துறைகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திய வரைபடம். தங்கள் துறை அடியில் கிடப்பதைப் பார்த்து ஏற்கெனவே மனம் தளர்ந்துபோய்தான் வந்திருப்பார்கள்.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் கணக்குகளைப் பார்த்துக்கொள்வதும் மாதாமாதம் ரிப்போர்ட் எழுதுவதும்தான் என் வேலை. பல் மருத்துவமனை, மரச்சாமான் செய்பவர்கள், தணிக்கை நிறுவனம், கால்பந்து அணி என்று எல்லாம் கலந்த பட்டியல் என்னுடையது. அதனால் இதற்கு ஒரு முறையாவது விரிவாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

அந்த வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது, எதை எதால் வகுத்தார்கள் என்பதை. சமூக ஊடக எண்களை ஆராயும் ரைவல் ஐக்யூ நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் துறைவாரி அறிக்கையில் உயர்கல்வி நிறுவனங்களும் விளையாட்டு அணிகளும் அடிக்கடி முன்வரிசையில் வரும். அங்கே லைக், கமெண்ட் எல்லாவற்றையும் கூட்டி ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தை யார் ஃபாலோ செய்வார்கள்? அங்கே படிப்பவர்கள், படித்து முடித்தவர்கள், சேர ஆசைப்படுபவர்கள். பட்டமளிப்பு விழா வீடியோ வந்தால் அதில் இருப்பது அவர்களுடைய நண்பர்களின் முகம். பல் மருத்துவரை அப்படி யாரும் பின்தொடர்வதில்லை. வலி வந்தால் தேடுவார்கள், வலி போனதும் மறந்துவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை.

ரீல், ஷார்ட்ஸ் போன்ற குறு வீடியோவோ பெரும்பாலும் ஃபாலோ செய்யாதவர்களிடம்தான் போய்ச் சேர்கிறது. அங்கேதான் இந்த வகுத்தல் கணக்கு உதைக்கிறது. 1,000 ஃபாலோயர் உள்ள கணக்கு ஒன்று போட்ட ரீல் 50,000 வியூஸ் போய் 500 லைக் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஃபாலோயரால் வகுத்தால் 50 சதவீதம். வியூஸால் வகுத்தால் 1 சதவீதம். ஒரே ரீல், ஒரே 500 லைக். இரண்டு அறிக்கைகள் இரண்டு விதமாக வகுத்திருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கே இடமில்லை.

சரி, வியூஸால் வகுத்தால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. யூடியூப் 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் வியூஸ் எண்ணும் முறையை மாற்றியது. முன்பு சில நொடிகளாவது பார்த்திருந்தால்தான் கணக்கில் சேரும். இப்போது ஓடத் தொடங்கினாலே ஒன்று, திரும்ப ஓடினால் இன்னொன்று. பழைய கணக்கு அனலிட்டிக்ஸுக்குள் தனி எண்ணாக இன்னும் இருக்கிறது, தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து "எங்கள் துறை வளர்ந்துவிட்டது" என்று காட்டும் ஸ்லைடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அதை நம்பித்தான் அடுத்த ஆண்டு பட்ஜெட் போடுகிறார்கள்.

துறைக்குத் துறை என்ன வேறுபடுகிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுப்பது ரிடென்ஷன் வரைபடம். எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும் அந்த வளைவு. மரச்சாமான் கணக்கில் ஒரு வீடியோ: பேச்சே இல்லை, நாற்காலிக் காலின் முளையைத் துளையில் பொருத்தித் தட்டுகிறார் தச்சர். முளை முழுசாக உள்ளே இறங்கும் அந்த நொடியில் வளைவு மேலே எழுகிறது. பார்த்தவர்கள் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். லைக் கொட்டுகிறது. கமெண்டில் மரம் என்ன மரம், பசை என்ன பசை என்ற விசாரிப்பு.

தணிக்கை நிறுவனத்தின் வீடியோ நேர் எதிர். "வணக்கம், நான்..." என்று தணிக்கையாளர் தொடங்கியதுமே வளைவு செங்குத்தாக விழுகிறது. பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் அதற்கப்புறம் கோடு பலகை போலக் கிடக்கிறது. தங்கியவர்கள் கடைசி வரை நகரவே இல்லை. லைக் சொற்பம், கமெண்ட் ஒன்றிரண்டு, சேவ் மட்டும் லைக்கை விட அதிகம். வரி தாக்கல் செய்ய உட்காரும்போது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். லைக்கை மட்டும் எண்ணினால் இது தோற்ற வீடியோ. எனக்கு அது அந்த மாதத்தின் மிகச் சிறந்த வீடியோ.

கூச்சமும் ஒரு காரணம், இதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை. கோல் அடித்த வீடியோவுக்குக் கீழே எழுதுவதில் யாருக்கும் தயக்கம் கிடையாது. ஈறில் ரத்தம் வருகிறது, கடன் தவணை கட்ட முடியவில்லை என்று பெயரோடும் புகைப்படத்தோடும் பொதுவெளியில் யார் எழுதுவார்கள்? பல் மருத்துவமனைக் கணக்கில் கமெண்ட் காலியாக இருக்கும், இன்பாக்ஸ் நிரம்பி வழியும். கடைவாய்ப் பல் வலி பற்றிய ரீலை, வலியில் துடிக்கும் அக்காவுக்கோ நண்பருக்கோ அனுப்பியிருப்பார்கள். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்ன மூன்று முக்கிய அளவுகள்: பார்த்த நேரம், லைக், இன்னொருவருக்கு அனுப்புவது. அதிலும் ஃபாலோ செய்யாதவர்களிடம் போய்ச் சேர அனுப்புவதுதான் கூடுதலாக உதவும் என்றார். மருத்துவம், நிதி போன்ற துறைகளில் இருப்பவர்கள் இந்த எண்ணைக் கவனித்தே ஆக வேண்டும்.

இசையும் இருக்கிறது. டிக்டாக்கில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வணிக உரிமம் உள்ள பாடல்கள் மட்டும்தான் கிடைக்கும். ட்ரெண்டிங் பாடலை ஒரு தனிநபர் எடுத்துப் போட்டுவிடலாம், நிறுவனத்தால் முடியாது. தனிநபர்கள் நிறைந்த ஃபேஷன் துறையையும் நிறுவனங்களே அதிகம் இருக்கும் காப்பீட்டுத் துறையையும் ஒப்பிடும்போது இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். காசு கொடுத்து பூஸ்ட் போட்ட வியூஸைக் கலக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

என் ரிப்போர்ட்டில் முதல் வரி, அந்தக் கணக்கின் கடைசி 30 வீடியோக்களின் இடைநிலை, அதாவது எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது. சராசரியை எடுப்பதில்லை. ஒரே ஒரு வீடியோ வைரலானால் சராசரி எங்கேயோ போய்விடும், இடைநிலை அசையாது. இரண்டாவது வரி, அதே துறையில் ஏறக்குறைய அதே அளவுள்ள சில கணக்குகள், வெளியே தெரியும் எண்களை மட்டும் வைத்து. மூன்றாவது, அந்தத் துறைக்கென்று பேசி முடிவு செய்த ஒரே ஒரு செயல்: தணிக்கைக்குச் சேவ், பல் மருத்துவத்துக்கு அனுப்பியது, மரச்சாமானுக்கு விலை கேட்டு வந்த மெசேஜ், கால்பந்து அணிக்குக் கமெண்ட். துறை தாண்டி ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் ஒப்பிடுவேன்: தொடக்கத்தில் எத்தனை பேர் ஸ்வைப் செய்யாமல் நின்றார்கள். அதிலும் ஒரே நீளமுள்ள வீடியோக்களைத்தான். ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போகலாம். 10 நொடி வீடியோவை முழுதாகப் பார்த்தவரையும் 3 நிமிட வீடியோவில் பாதி பார்த்தவரையும் சதவீதத்தில் மோதவிடுவது நியாயமில்லை.

தணிக்கை நிறுவனத்தாரிடம் இந்த வளைவைக் காட்டியதும் அவரே சொன்னார்: "அப்படியென்றால் வணக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் மேடம்." அடுத்த வீடியோ நேராகக் கேள்வியிலேயே தொடங்கியது. தொடக்கச் சரிவு பாதியாகக் குறைந்தது, லைக் அப்படியே இருந்தது, சேவ் ஏறியது. துறைவாரி வரைபடத்தில் அவருடைய பட்டை இதனால் ஒரு மில்லிமீட்டர்கூட உயர்ந்திருக்காது.

பெஞ்ச்மார்க் அறிக்கை தயாரிப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டுதான். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே எதால் வகுத்தீர்கள் என்று அச்சிடுங்கள். சேவ், ஷேர் இரண்டையும் சேர்த்தீர்களா இல்லையா என்பதைப் பின்னிணைப்பில் போடாமல் அதே பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.