மூக்கையூர் கரையில் அம்பா கேட்டேன்

முதலில் அந்த ஆட்டோவைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கையூர் என்ற மீனவர் ஊருக்கு 400 ரூபாய்! நான் அன்றைய சாப்பாட்டுக்கும் சேர்த்து வைத்திருந்ததே 600தான். வெளியூர்க்காரன் முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைக் கேட்பது அநியாயம். பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் பரவாயில்லை, காத்திருங்கள்.

சரி, போனது ஒரு அம்பா பாட்டுக்காரரைப் பற்றி விசாரிக்க. அம்பா என்றால் மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் பாட்டு. என் அப்பா கருவாட்டு வியாபாரத்துக்காக இந்தக் கரைக்கு வந்துபோன காலத்தில், கள்ளுக்கடையில் ஒருவர் பாடுவதைக் கேட்டுவிட்டு ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பாடியவர் இறந்து பல வருடம் ஆகிறது. ஆனால் கரையில் பேச்சை எடுத்ததுமே வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். "அவரா? பகல்ல கரைவலைக்கு அம்பா பாடுவாரு தம்பி. பொழுது சாஞ்சா அதே பாட்டு கள்ளுக்கடையில."

கரைவலை என்றால் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலை. அதே பாட்டுதான், ஆனால் கடையில் அதற்கு வேறு நடை. மெதுவாக இழுத்து, எதிரே இருப்பவர் பெயரையெல்லாம் உள்ளே கோத்து, பங்கு குறைத்துக் கொடுத்த சம்மாட்டியை, அதாவது வலைக்குச் சொந்தக்காரரை, அவர் முன்னாலேயே கிண்டல் செய்து பாடுவாராம். கூலி ஒரு கலயம் கள்ளும் சுட்ட கருவாடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்பு இல்லாத கலயத்தைச் சுற்றித்தான் ஒரு பாட்டுக் கூட்டமே இருந்திருக்கிறது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்ததும் கடை போனது, உட்காரும் இடமும் போனது. இப்போதுள்ள மதுக்கடை வாசலில் நின்று யார் பாடுவார்கள்?

பெரியவரிடம் பாடச் சொல்லிக் கேட்டேன். சும்மா உட்கார்ந்து வராது என்று கரைவலை இழுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அப்போது விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; கரைவலைக்குத் தடையில்லை. இரண்டு பக்கமும் கயிறு பிடித்து ஆட்கள் பின்னோக்கியே நடக்கிறார்கள். அவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, எல்லோரும் ஏலேலோ என்று வாங்கும் அந்த நொடியில்தான் இழுப்பு விழுகிறது. மீன் சேரும் வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்க அடி குறுகி, கடைசியில் வெறும் மூச்சும் ஓசையும்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! மடியில் வந்தது பெரும்பாலும் காரல் என்ற சின்ன மீன். அதில் வைத்த குழம்பை அவர் வீட்டிலேயே சாப்பிட்டேன். புளியும் மிளகாயும் தூக்கலாக, சோற்றை மூன்று முறை வாங்க வைத்த குழம்பு. காசு கொடுத்தால் வாங்கவே இல்லை.

நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியின் குரல் 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் பதிவானது, இன்றும் கேட்க முடிகிறது. இந்தக் கரைப் பாட்டுக்காரருக்கு ஒரு கேசட்கூட இல்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கோயில் கொடைக்கு மைக் செட் கட்டியவர்கள் யாராவது ஒரு ராத்திரி அவர் முன்னால் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்திருக்கலாம்.

பெரியவர் பாடியதை, அவர் சம்மதத்தோடு, போனில் பதிந்திருக்கிறேன். காற்று இரைச்சல் அதிகம். நீங்கள் போவதாக இருந்தால் விடிவதற்கு முன்பே கரையில் இருங்கள், வெயில் ஏறினால் வலை முடிந்துவிடும். மைக்குக்குப் பஞ்சு உறை வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் அதை வாங்கியிருக்கலாம்.