சித்தப்பாவுக்கு நினைவு வருமா: ஐசியுவில் எப்படிப் பார்த்தார்கள்

லீ பஜார் மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த சித்தப்பா அப்படியே சரிந்தார். பக்கத்துக் கடைப் பையன் நெஞ்சை அழுத்த, ஆஸ்பத்திரியில் ஷாக் கொடுத்ததில் துடிப்பு திரும்பியது. கண் மட்டும் திறக்கவில்லை.

அன்று ராத்திரி டூட்டியில் இருந்தவர், "மூளை போயிருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா சொல்லுங்க" என்றுவிட்டார். சித்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் வந்த நரம்பியல் டாக்டரம்மா சொன்னது வேறு: "72 மணி நேரம் ஆகாம நான் வாயைத் திறக்க மாட்டேங்க." 'பில் ஏத்தத்தான்' என்று மாமா முணுமுணுத்தார்.

காரணம் இருந்தது. வெண்டிலேட்டருக்காக மிடாசோலம் என்ற தூக்க மருந்தும் ஃபென்டனில் என்ற வலி மருந்தும் ஓடிக்கொண்டிருந்தன. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் கிரியாட்டினின் வேறு ஏறியிருந்ததால் அவை உடம்பை விட்டு இறங்க நேரமாகும். மருந்து மயக்கத்தைப் பார்த்து மூளைச் சாவு என்று நினைத்துக் கைவிட்டால், எழுந்திருக்க வேண்டியவரும் போய்விடுவார். தூக்க மருந்தை எப்போது நிறுத்தினார்கள் என்று தினமும் கேளுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

கெடு முடிந்ததும் டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார். நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்தினார். கை விலகவில்லை, உள்பக்கமாக மடங்கியது. அது நல்ல அறிகுறி இல்லையாம். டார்ச் அடித்தார்; கண்மணி சுருங்கியது. பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டதும் இமை வெடுக்கென்று மூடியது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜியிலும் மோசமான அலைகள் இல்லை. என்எஸ்இ என்றொரு ரத்தப் பரிசோதனை: அடிபட்ட நரம்பணுக்களிலிருந்து கசியும் பொருளை அளப்பது. லிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவலை, இவருக்கு அதற்குக் கீழே. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே அளவு பொய்யாக ஏறிவிடுமாம், அதனால் இதை மட்டும் நம்ப மாட்டார்களாம். மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்து மூளைக்குச் சிக்னல் போகிறதா என்று பார்க்கும் வசதி அங்கே இல்லை.

2021 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, குறைந்தது இரண்டு சோதனையாவது சேர்ந்து கெட்டதைக் காட்டினால்தான் நம்பிக்கை இல்லை என்று சொல்லலாம். இவருக்கு அப்படி இல்லை. "நல்லாயிடுவார்னும் சொல்லலைங்க. காத்திருக்கலாம்னு சொல்றேன்," என்றார். மாமா அதற்குப் பிறகு பில்லைப் பற்றிப் பேசவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தார். இப்போது பழைய பாக்கிக் கணக்கெல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொல்கிறார்; காலையில் இட்லி சாப்பிட்டது மட்டும் நினைவில் நிற்பதில்லை. இப்படி ஞாபக மறதி பலருக்கும் வருமாம். டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதத்துக்குள் அதற்கென்று ஒரு பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள்.