காயா வாசம்

தோழி அனுப்பிய பார்சலைப் பிரித்ததும் பாண்டன் இலை வாசம். உள்ளே ஒரு பாட்டில் காயா!

சிங்கப்பூரில் இருந்த மூன்று வருடமும் என் காலை இதில்தான் விடிந்தது.

தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்து நிதானமாகக் கிண்டிய ஜாம். வாட்டிய மெல்லிய ரொட்டியில் அதைத் தடவி, நடுவே வெண்ணெய்த் துண்டு வைப்பார்கள். உருகியிருக்காது. கடித்தால் மொறுமொறுப்பு, அப்புறம் அந்தச் சில்லிப்பு. பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, சோயா சாஸ், மிளகுத்தூள்.

2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எனக்கே கிடைத்த மாதிரி மகிழ்ந்தேன். யாரையும் தெரியாத ஊரில், நான் கேட்காமலே 'கோப்பி ஓ' (பால் சேர்க்காத காபி) கொண்டுவந்து வைத்த கடைக்கார ஆன்ட்டிதான் என் முதல் உறவு.

இன்று ரொட்டியை நானே வாட்டினேன். வெண்ணெயைத் தடிமனாக வெட்டினேன்.

முதல் கடியிலேயே கண் கலங்கிவிட்டது.