குழந்தை வந்தாச்சு, பிரஷர் போகவில்லை

மார்ச் 6

33-வது வாரம். வழக்கமான செக்கப்புக்குப் போன இடத்தில் அட்மிட் செய்துவிட்டார்கள். பிரஷர் 164/112. சிஸ்டர் நம்பாமல் கையை மாற்றிப் பார்த்தார், அதேதான். யூரினில் புரதம் வேறு. "வலது விலாவுக்குக் கீழே வலிக்குதா? கண்ணு முன்னால பூச்சி பறக்குதா?" என்று டாக்டர் கேட்டார். காலையிலிருந்து இரண்டும் இருக்கிறது. ஈரல் பாதிக்கப்பட்டால் அந்த இடத்தில்தான் வலிக்குமாம்.

தீவிரமான பிரீஎக்ளாம்ப்சியா, கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைத் தாக்குகிற நோய். நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாகப் பதியாததில் தொடங்குகிற கோளாறு. நான் எதையோ தின்றதாலோ ஓடியாடியதாலோ வந்ததில்லை என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். மாத்திரை பிரஷரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நோய் இறங்க பிரசவம் ஆக வேண்டும். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டாயிற்று. அடுத்தது 24 மணி நேரம் கழித்து.

மார்ச் 7

மெக்னீசியம் சல்பேட் ஏற்றுகிறார்கள், வலிப்பு வராமலிருக்க. ஏறத் தொடங்கியதும் முகம், கழுத்து, மார்பு எல்லாம் தீயாய்க் காந்தியது. நாக்கு குழறுகிறது.

சிஸ்டர் அவ்வப்போது சின்ன ரப்பர் சுத்தியலோடு வந்து முழங்காலுக்குக் கீழே தட்டுகிறார். கால் துள்ளினால் சரி. துள்ளவில்லை என்றால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் போய்விட்டது, அடுத்து மூச்சில் கை வைக்கும். அதனால் மூச்சை எண்ணுகிறார், யூரின் பையைக் குனிந்து அளவு பார்க்கிறார். சிறுநீர் குறைந்தால் மருந்து வெளியேறாமல் தங்கிவிடும். முறிவுக்குக் கால்சியம் ஊசி தலைமாட்டிலேயே இருக்கிறது. அது என் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது ஸ்டீராய்டும் போட்டாயிற்று.

மார்ச் 10

எட்டாம் தேதி விடியற்காலையில் ஆபரேஷன். ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும், 58 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. ஈரல் என்சைம்கள் எகிறிவிட்டன, சிவப்பணுக்கள் உடைகின்றன. இந்த மூன்றும் சேர்ந்தால் ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோம், பிரீஎக்ளாம்ப்சியாவின் மோசமான வடிவம். இவ்வளவு குறைந்த பிளேட்லெட்டில் முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்று முழு மயக்கமே கொடுத்தார்கள். அதனால் முதல் அழுகையை நான் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை, வெளியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெண். 1,620 கிராம். என்.ஐ.சி.யு.வில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். நான் இன்னும் பார்க்கவில்லை, போட்டோதான்.

மார்ச் 12

இன்று கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் "கண்டம் தாண்டியாச்சு" என்கிறார்கள். குழந்தையின் எடை எல்லாருக்கும் தெரியும். என் பிரஷர் இன்று 172/108 என்பது அம்மாவுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். பிள்ளை வெளியே வந்துவிட்டால் நோய் முடிந்தது என்றுதான் நானும் கேட்டு வளர்ந்திருக்கிறேன். டியூட்டி டாக்டர் உட்கார்ந்து விளக்கினார்: கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர் ரத்தக்குழாய்க்குத் திரும்புவதால் மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் பிரஷர் மறுபடி உச்சத்துக்குப் போகலாம். வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தாய்மார்களை வீட்டுக்கு அனுப்பி, குழந்தையை மட்டும் கவனிக்கிறார்கள்.

"தாயும் சேயும் நலம்" என்று இவருடைய அண்ணன் குரூப்பில் போட்டிருக்கிறார். சேய் நலம், சரி. தாயைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.

மார்ச் 14

சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். சட்டைக்குள், மார்போடு மார்பாக வைத்துக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். அவள் உள்ளங்கால் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மானிட்டரில் அவளுடைய ஆக்சிஜன் 91-லிருந்து 96-க்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தையல் இழுத்தது, சொல்லவில்லை.

மார்ச் 17

எனக்கு டிஸ்சார்ஜ், அவளுக்கு இல்லை. பிரஷர் மெஷின் வாங்கியாயிற்று. 160/110 வந்தாலோ, விடாத தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் இருந்தாலோ யோசிக்காமல் கிளம்பச் சொன்னார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் பிரசவமாகி எத்தனை நாள் என்பதை முதலில் சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் சாதாரணத் தலைவலி என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

ஏப்ரல் 3

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்தான் இன்னும் வந்து சேரவில்லை. மைக்ரோவேவ் பீப் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. தூங்கினால் மறுபடி மயக்க மருந்து போடுகிறார்கள், விழிக்க முடியவில்லை. "பச்சை உடம்பு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் அம்மா. அம்மாவின் பிரசவத்தில் என்ன நடந்தது என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசினார்.

ஏப்ரல் 20

ஆறு வாரப் பரிசோதனை. 128/82. யூரினில் புரதம் இல்லை, பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல். கனவுகளைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் தட்டிக்கழிக்காமல் மனநல நிபுணருக்குச் சீட்டு எழுதினார். இந்த நோய் வந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய், பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வருஷா வருஷம் பிரஷர் பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பம் என்றால் 12-வது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டும். அடுத்ததா? இவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'சிசேரியன், பெண் குழந்தை' என்று மட்டும்தான் போட்டிருந்தது. ஹெல்ப் சிண்ட்ரோம் என்று எழுதித் தரச் சொல்லி, வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது.