பரவலான ஆன்டெனாக்களின் செயல்திறனைக் கணக்கிடுதல்

கட்டடத்திற்குள் ஒரே ஆன்டெனாவை நம்பாமல் பலவற்றைப் பரவலாக நிறுவும் முறையை சலே, ரஸ்டாகோ, ரோமன் ஆகியோர் 1987-இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஆனால் அதன் ஆதாயத்தைக் கணக்கிட, எல்லா ஆன்டெனாக்களும் ஓரிடத்தில் இருப்பதாகக் கொள்ளும் சமன்பாடுகளை அப்படியே எடுத்தாள்வது தவறு என்பேன். பயனரிடமிருந்து ஒவ்வொன்றும் வெவ்வேறு தொலைவில் இருப்பதால், சராசரி சிக்னல் வலிமையும் வேறுபடும். இழப்பு அடுக்கு 4 என்றால், அதாவது தொலைவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சிக்னல் குறைகிறது என்றால், 40 மீட்டரில் உள்ள ஆன்டெனாவின் சிக்னல் 10 மீட்டரில் உள்ளதைவிட 24 டெசிபெல் குறைவாக, அதாவது 256-இல் ஒரு பங்காகவே வந்து சேரும். எத்தனை ஆன்டெனாக்கள் இருந்தாலும் பெரும்பாலும் கைகொடுப்பவை ஒன்றிரண்டுதான். சுவரும் தூணும் உண்டாக்கும் நிழல் இழப்பை ஒவ்வோர் இணைப்புக்கும் தனி மாறியாக வைத்து, பயனரைத் தளம் முழுவதும் நகர்த்திப் பார்த்தால்தான், ஒன்று மறைக்கப்படும்போது மற்றொன்று தாங்கிப்பிடிப்பதும், அதனால் இணைப்பு அறுபடும் நிகழ்தகவு குறைவதும் கணக்கில் தெரியவரும்.