ஓடிக்கொண்டிருக்கும் பந்தயத்தில் ஏன் இடைவேளை?

அண்மையில் தொலைக்காட்சியில் நான் பார்த்த ஒரு கார்ப் பந்தயத்தில், இரண்டாம் இடத்தில் இருந்தவர் முதலாமவரைச் சுற்றுக்குச் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் இடைவெளி 3.1 நொடி என்றிருந்தது 2.4 ஆகி, பிறகு 1.6 ஆகி, ஒரு நொடிக்கும் கீழே இறங்கிய அந்தக் கணத்தில் விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது வரிசை மாறியிருந்தது. முந்திச் சென்ற காட்சியை மறுபடியும் காட்டினார்கள் என்றாலும், முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதில் அந்தப் பதைப்பு எங்கிருந்து வரும்?

கிரிக்கெட்டில் ஓவர் முடிந்தால் சற்று ஓய்வு உண்டு. கால்பந்தில் 45 நிமிடங்களுக்குப் பின் ஆட்டக்காரர்கள் உள்ளே சென்றுவிடுவார்கள். கார்ப் பந்தயத்துக்கு அப்படிப்பட்ட இடைவெளி எதுவும் கிடையாது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும் ஓடுதளத்தில் மூன்று நிமிட விளம்பரம் இரண்டு சுற்றுகளை விழுங்குகிறது; அமெரிக்காவின் பிரிஸ்டல் போன்ற சுமார் அரை மைல் நீள ஓடுதளத்தில் அதே மூன்று நிமிடத்தில் பத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் போய்விடும்.

போவது முந்தும் காட்சி மட்டுமல்ல, அதற்கான காரணமும்தான். ஃபார்முலா ஒன்னில் டயர் மாற்றுவதற்கு இரண்டு, மூன்று நொடிகளே ஆகின்றன. எதிராளிக்கு ஒரு சுற்று முன்னதாகவே, ஓடுதளத்தின் ஓரத்தில் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் வந்து, புதிய டயரின் பிடிப்பைக் கொண்டு அந்த ஒரே சுற்றில் நேரத்தைச் சேமித்து, எதிராளியும் டயர் மாற்றி வெளியே வரும்போது அவருக்கு முன்னால் சென்றுவிடுவதை ‘அண்டர்கட்’ என்கிறார்கள். பந்தயத்தின் மூளை வேலை செய்வது அங்கேதான். அந்த இரண்டு சுற்றுகளைப் பார்க்காதவருக்கு, ஒரு கார் காரணமே இல்லாமல் இடம் மாறியதாகத்தான் தோன்றும்.

இந்தக் குறை புதிதல்ல. 2005இல் இமோலாவில் நடந்த சான் மரினோ கிராண்ட் பிரி என்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில், பெர்னாண்டோ அலோன்சோவின் வால்பக்கத்திலேயே மைக்கேல் ஷூமாக்கர் ஒட்டிக்கொண்டு வர, மூன்றே சுற்றுகள் மீதமிருந்த நிலையில் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி விளம்பரத்துக்குச் சென்றது. அலோன்சோ வென்றது 0.215 நொடி வித்தியாசத்தில்! பார்வையாளர்கள் கொதித்தெழ, அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2009இல் பிபிசிக்கு ஒளிபரப்பு மாறியபோது அந்நாட்டு ரசிகர்களுக்குப் பந்தயம் விளம்பரமின்றிக் கிடைத்தது.

ஒளிபரப்பு உரிமைக்குப் பெரும் பணம் கொட்டும் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்களில் 2005 முதலே, திரையைப் பிரித்து ஒரு பக்கம் விளம்பரமும் மறுபக்கம் பந்தயமும் காட்டும் முறை உண்டு. அந்நாட்டின் இன்னொரு கார்ப் பந்தயத் தொடரான நாஸ்காரில் 2017 முதல் பந்தயத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மஞ்சள் கொடி காட்டி வேகத்தைக் குறைக்கிறார்கள். விளம்பரத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? ஆனால் அதற்குப் பிறகும், பச்சைக் கொடியின் கீழ் கார்கள் முழு வேகத்தில் ஓடும்போதே விளம்பரத்துக்குச் செல்வது நிற்கவில்லை.

சந்தா கட்டிப் பார்ப்பவரிடமும் இதே வேலையைச் செய்வதைத்தான் என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. முழுவதும் நிறுத்த முடியாது என்றால், பிட்டுக்குள் கார்கள் வரத் தொடங்கும் நேரத்தையும் கடைசிப் பத்துச் சுற்றுகளையுமாவது தொடாமல் விடுங்கள். மற்ற நேரங்களில் திரையின் ஒரு மூலையிலாவது கார்கள் ஓடிக்கொண்டிருக்கட்டும், அந்த இடைவெளி எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும்.